தாளில் இல்லாத பதினோராவது ஷரத்து

தாளில் இல்லாத ஒரு ஷரத்தை இருப்பதுபோல வாசித்துக் காட்டி ஒரு மனிதரை நான் ஏமாற்றினேன். நான்கு மாதம் கழித்து, அப்படி ஒன்றை வாசிக்கவே இல்லை என்று அவர் முகத்தைப் பார்த்துப் பொய்யும் சொன்னேன். அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. கொலேழ் என்ற பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவன், பிரெஞ்சும் தமிழும் பிழையில்லாமல் எழுதுவேன். ஆகவே தெரியாமல் செய்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு வழியில்லை.

ஏமாந்தவரின் சொந்தப் பெயரைச் சொன்னால் புதுச்சேரியில் ஒருவருக்கும் விளங்காது. ஊருக்கு அவர் 'ஷரத்து'. ஒப்பந்தங்களில் ஒன்று, இரண்டு என்று எண் போட்டு நிபந்தனைகள் எழுதுகிறோமே, அந்த ஷரத்து. அந்தக் காலத்தில் புதுச்சேரியில் பேசப்பட்ட எந்த வாக்கியமும் அவர் காதில் விழுந்தபின் ஒப்பந்தமாக மாறாமல் தப்பியதில்லை. நேரில், பிரெஞ்சு மரியாதைப்படி, 'முசியே' என்போம். அவர் தலை மறைந்ததும் ஷரத்து.

ஆள் ஒல்லி. சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டு. பத்திரம் எழுதிப் பதிகிற நொத்தேர் ஒருவரிடம் இருபது வருஷம் எழுத்தராக இருந்தவர். நொத்தேர் கப்பலேறிப் பிரான்சுக்குப் போனதும் எங்கள் கும்பெனிக்கு வந்து சேர்ந்தார். பிரான்சில் செய்த தண்ணீர் இறைக்கும் எண்ணெய் இஞ்சின்களைச் சுற்றுவட்டாரக் குடியானவர்களுக்கு விற்பது கும்பெனியின் தொழில். விற்பனை ஒப்பந்தம் எழுதுவது அவர் வேலை. அதைத் தட்டச்சு செய்வது என் வேலை.

அவரோடு காப்பி கிளப்புக்குப் போவது ஓர் அனுபவம். பரிமாறுகிறவர் காப்பியைக் கொண்டுவந்து வைப்பார். இவர் தொடமாட்டார்.

"பாலு இன்னிக்குக் கறந்ததா?"

"ஆமாங்க முசியே."

"ஒனக்குத் தெரிஞ்ச வரைக்கும் ஆமாவா, நிச்சயமா ஆமாவா?"

"நானா கறந்தேன்? பால்காரரு சொன்னாரு."

"அப்ப 'தெரிஞ்ச வரைக்கும்'னு சேத்துச் சொல்லு. நாளைக்கு எனக்கு வயித்துல ஒண்ணு ஆச்சின்னா நீ மாட்டிக்கக் கூடாது இல்ல?"

ஒரே மாதத்தில் அந்தப் பரிமாறுகிறவர் எல்லாரிடமும், "தெரிஞ்ச வரைக்கும் இட்லி இருக்குதுங்க" என்று சொல்ல ஆரம்பித்தார். முதலாளி கூப்பிட்டுத் திட்டினார். "இட்லி பாத்திரம் உள்ள இருக்குது, நான் வெளிய இருக்குறேன், எப்படிங்க நிச்சயமா சொல்றது?" என்றாராம் அவர்.

தங்கை மகள் கல்யாணத்துக்கு நாயனக்காரரோடு ஒப்பந்தம் எழுதியவர் எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான். பத்து ஷரத்து. நாயனம் வாசிப்பவர் பேர் குறித்தவராகவே இருக்க வேண்டும், தம்பியை அனுப்பக் கூடாது, சீவாளி நல்ல நிலையில் இருப்பதாக வாசிப்பவர் உத்தரவாதம் தருகிறார், இப்படிப் போயிற்று. கடைசியில், மழை, புயல், போர், கலகம் வந்தால் எந்தத் தரப்பும் பொறுப்பாகாது என்று நியாயமாக ஒன்று. கல்யாணத்தன்று பெண் அழைப்பு கிளம்பும் நேரம் நான்கு தூறல் விழுந்தது. பந்தலில் ஒருவர் தலையும் நனையவில்லை. நாயனக்காரர் நாயனத்தை உறைக்குள் போட்டு ஒப்பந்தத்தை வெளியே எடுத்தார்.

"மழ ஷரத்து நீங்க போட்டதுங்க முசியே."

தங்கை அழுதாள். மாப்பிள்ளை வீட்டார் முறைத்தார்கள். ஷரத்து மட்டும் ஊரையே வென்றுவிட்ட முகத்தோடு ஒவ்வொருவராகத் தேடிப்போய்ச் சொன்னார்: "பாத்தீங்களா, என் ஷரத்து வேல செய்யுது."

ஊர் நிலவரமும் அவருக்கு ஏற்ற மாதிரி அமைந்திருந்தது. கொடி மாறி மூன்று வருஷம் ஆகியிருந்தது. அரசாங்கக் கச்சேரியில் உட்கார்ந்து ஆள்வது இந்தியா. ஆனால் பாரீசில் இன்னும் முறையாக ஒப்புதல் போடவில்லை. பழைய பிரெஞ்சுச் சட்டங்கள் பல அப்படியே நடந்துகொண்டிருந்தன. எந்த ஒப்பந்தத்திலும் 'இரு தரப்பும் சட்டத்துக்கு இணங்கி நடப்பார்கள்' என்று ஒரு வரி இருக்கும். எந்தச் சட்டத்துக்கு என்று மற்ற ஊர்க்காரர்கள் கேட்க வேண்டியதில்லை. புதுச்சேரியில் கேட்க வேண்டியிருந்தது. அதற்காக மூன்று நாள் சாப்பாடு இறங்காமல் யோசித்து ஷரத்து எழுதினார்: 'இப்போது நடப்பில் உள்ள சட்டம், இனி நடப்புக்கு வரப்போகும் சட்டம், நடப்பில் இருப்பதாக இரு தரப்பும் நல்லெண்ணத்துடன் நம்பும் சட்டம் ஆகிய மூன்றுக்கும் இணங்க.'

எங்கள் முதலாளியைப் பிரெஞ்சு வழக்கப்படி 'பத்ரோன்' என்போம். அவர் இதைப் படித்துவிட்டுக் கேட்டார்: "மூணும் ஒண்ணுக்கொண்ணு இடிச்சிக்கினா?"

"அதுக்கு நாலாவது ஷரத்து போட்டுருக்குறேன், முசியே."

பத்ரோன் பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

இவ்வளவையும் நான் ஏன் சொல்கிறேன் என்றால், அவரைப் பார்த்து ஊரே சிரித்தது, அந்தச் சிரிப்பில் பெரும்பங்கு என்னுடையது. நான் நன்றாக நடித்துக் காட்டுவேன். கோட்டை மாட்டிக்கொண்டு, தொண்டையைச் செருமி, அவர் குரலில் ஷரத்துகளை ஒப்பிப்பேன். கூட்டாளிகள் திரும்பத் திரும்பக் கேட்டது பதினோராவது ஷரத்து. அது இது:

'மேற்படி இயந்திரம் பழுதுபட்டு நின்றால், அது சரியாகி மறுபடி ஓடும் வரையில், வாங்குபவரின் பயிருக்குத் தண்ணீர் பாய்வதற்கு விற்பவரே பொறுப்பு. எந்த வழியில் பாய்ச்சுவது என்பது விற்பவரின் விருப்பம். பாய்ச்சாமல் இருப்பது அவர் விருப்பம் அல்ல.'

உலகத்தில் எந்த இஞ்சின் வியாபாரியும் இப்படி எழுதிக் கொடுத்திருக்க மாட்டான். இஞ்சின் ஓராண்டுக்குள் கெட்டால் இலவசமாகச் சரிசெய்து தருகிறோம் என்று எட்டாவது ஷரத்திலேயே இருந்தது. பிறகு இது எதற்கு என்று ஒருமுறை கேட்டேன்.

"எட்டாவது இஞ்சினுக்கு உத்தரவாதம். சாமான் கப்பல்ல வரணும், ரெண்டு மாசம் ஆவும். பயிரு ரெண்டு மாசம் காத்துனு இருக்குமா? அவங்க இஞ்சின் வாங்க வரல தம்பி, தண்ணி வாங்க வராங்க."

அதுவரை ஒரு இஞ்சினும் கெடவில்லை. அந்த ஷரத்தைக் கேட்டுக் குடியானவர்கள் மகிழ்ந்துபோய் வாங்கினார்கள். அதனால் பத்ரோனும் விட்டுவைத்திருந்தார்.

இனி அந்தச் சனிக்கிழமை.

மாசி மாதம். அரியாங்குப்பத்துக் குடியானவர் தனகோட்டி இஞ்சினை ஏற்றிப்போக மாட்டு வண்டியோடு வந்திருந்தார். ஒப்பந்தத்தை முத்திரைத் தாளில்தான் தட்டச்சு செய்ய வேண்டும். கையிருப்பு இரண்டு தாள். வெள்ளைத் தாளில் அடித்துப் பார்த்தால் பதினோராவது ஷரத்து இரண்டாம் தாளைத் தாண்டி மூன்றாம் தாளுக்கு வழிந்தது. முத்திரைத் தாள் விற்கிறவர் சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்குக் கடையைச் சாத்திவிடுவார். மணி பன்னிரண்டரை. அவர் வீடு முத்தியால்பேட்டை. போய் எழுப்பி வாங்கிவர ஒரு மணி நேரம் ஆகும். நோணாங்குப்பத்தில் என் கூட்டாளிகள் படகு பேசி வைத்து எனக்காகக் காத்துக்கொண்டிருந்தார்கள். கழிமுகத்து மணல் திட்டுக்குப் போய் மீன் சுட்டுத் தின்பதாகத் திட்டம்.

இதுதான் காரணம். இதைவிடக் கண்ணியமான காரணம் ஒன்று இருந்தால் நன்றாக இருக்கும் என்று இத்தனை வருஷமாகத் தேடிப் பார்க்கிறேன். கிடைக்கவில்லை.

தனகோட்டியிடம் இன்னும் அரை மணி என்று சொல்லிவிட்டு, பதினோராவது ஷரத்தை விட்டுவிட்டு மற்றதை அந்த இரண்டு முத்திரைத் தாளில் அடித்தேன். ஆனால் ஷரத்து கையெழுத்துக்கு முன் விரலை வைத்து ஷரத்துகளை எண்ணுவார். பன்னிரண்டு இருக்க வேண்டும். அதனால் ஒன்பதாவதை இரண்டாக உடைத்தேன். எண்ணிக்கை சரியாயிற்று.

அடுத்தது ஒப்புப் பார்ப்பது. நொத்தேர் வீட்டுப் பழக்கத்தை அவர் கும்பெனிக்கும் கொண்டுவந்திருந்தார். தட்டச்சான தாளை நான் சத்தமாக வாசிக்க வேண்டும். தன் கையெழுத்து வரைவை வைத்துக்கொண்டு அவர் சிவப்புப் பென்சிலால் வரிக்கு வரி குறி போடுவார். வாங்குகிறவரும் எதிரில் உட்கார்ந்து கேட்பார். நான் வாசித்தேன். உடைத்த ஒன்பதாவதைச் சேர்த்து வாசித்தேன். பத்து முடிந்தது. தாளைப் பார்த்தபடியே பதினோராவதை மனப்பாடமாகச் சொன்னேன். கூட்டாளிகள் முன்னால் ஐம்பது தடவை ஒப்பித்தது, ஒரு சொல்கூடப் பிசகவில்லை. 'பாய்ச்சாமல் இருப்பது அவர் விருப்பம் அல்ல' என்ற இடத்தில் தனகோட்டி தலையை ஆட்டிச் சிரித்தார். ஷரத்து சிவப்புக் குறி போட்டார்.

பிறகு விரலை வைத்துப் பன்னிரண்டு எண்ணினார். 'இதில் அடித்து நீக்கிய சொல் ஒன்றும் இல்லை' என்று கடைசியில் தன் கையால் எழுதினார். பத்ரோன் கையெழுத்துப் போட்டார், தனகோட்டி போட்டார். பிறகு ஷரத்து வழக்கம்போல வரைவை நான்காகக் கிழித்துக் கூடையில் போட்டார். ஒரே ஒப்பந்தத்துக்கு இரண்டு தாள் இருந்தால் இரண்டு உண்மை வந்துவிடும் என்பது அவர் கட்சி.

இரண்டரை மணிக்கு நான் படகில் இருந்தேன். மீன் நன்றாக இருந்தது.

ஆனி மாதம் தனகோட்டி மறுபடி வந்தார். இந்த முறை வண்டி இல்லை. அரியாங்குப்பத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்.

"இஞ்சினு நின்னுபோயி நாலு நாளு ஆவுதுங்க. சொர்ணவாரி நெல்லு, கதிரு வாங்குற நேரம். நெலம் வெடிச்சிப் போச்சு. இன்னும் பத்து நாளு தண்ணி இல்லன்னா மாட்டுக்குத்தாங்க ஆவும்."

மெக்கானிக் போய்ப் பார்த்து, உள்ளே ஒரு சாமான் உடைந்திருக்கிறது, பிரான்சிலிருந்து வர வேண்டும் என்றார். எட்டாவது ஷரத்துப்படி வரவழைத்துத் தருவதாகப் பத்ரோன் மரியாதையாகச் சொன்னார்.

"அதுவரைக்கும் தண்ணிக்கு நீங்க பொறுப்புன்னு வாசிச்சாங்களே?" என்றார் தனகோட்டி.

ஷரத்து எழுந்து நின்றார். ஒரு ஷரத்துக்கு உயிர் வருவதைப் பார்க்க மூன்று வருஷம் காத்திருந்த மனிதர் அவர். "பதினோராவது ஷரத்து," என்று சொல்லிக்கொண்டே ஒப்பந்தத்தைப் பிரித்தார். பதினோராவது இடத்தில், வழக்கு வந்தால் புதுச்சேரி நீதிமன்றத்தில்தான் வரும் என்று இருந்தது. முன்னால் திருப்பினார். பின்னால் திருப்பினார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"தம்பி, நீ வாசிச்சியே. நான் குறி போட்டனே."

பத்ரோன் என்னைப் பார்த்தார். கணக்குப்பிள்ளை பார்த்தார். மெக்கானிக் பார்த்தார். நான் சொன்னேன்: "இல்லீங்க முசியே. அது அதுக்கு முந்தி பாகூர்காரருக்கு எழுதுனதுல இருந்திச்சி. இவரோட வரைவுல நீங்க அத எழுதலீங்க."

"நானும் கேட்டனே," என்றார் தனகோட்டி.

"அந்த ஷரத்த இந்த ஊர்ல கேக்காதவங்க யாரு?" என்றார் கணக்குப்பிள்ளை. என் நடிப்பைத்தான் சொன்னார். எல்லாரும் சிரித்தார்கள்.

பத்ரோன் தாளை மடித்தார். "காகிதத்துல இல்லாததுக்குக் கும்பெனி பொறுப்பில்ல."

ஷரத்து தன் மேசைக்குப் போனார். பிறகு, "வரைவுல நான் விட்டுருந்தா தப்பு என்னுது," என்றார். உட்கார்ந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தார். அவரும் தனகோட்டியும் மட்டும் உள்ள ஒப்பந்தம் அது. மூன்றே ஷரத்து. இஞ்சின் ஓடும் வரை தண்ணீருக்குத் தானே பொறுப்பு. வெள்ளம், புயல், போர், அரசு மாற்றம் வந்தால் விலக்கு உண்டு. எழுதிக் கொடுப்பவரின் முழங்கால் வலிக்கு விலக்கு இல்லை. தனகோட்டி வேண்டாம் வேண்டாம் என்று கையெடுத்துக் கும்பிட்டார். ஷரத்து அவர் கையில் பேனாவைத் திணித்துக் கையெழுத்து வாங்கிவிட்டார்.

முழங்கால் எதற்கு என்று மறுநாள்தான் தெரிந்தது. மாசியில் இஞ்சின் வந்ததும் தனகோட்டி கழற்றி மாட்டுக் கொட்டகையில் போட்டிருந்த, தண்ணீர் இறைக்கும் பழைய ஏற்றத்தை மறுபடி கிணற்றில் பூட்டியிருந்தார்கள். கீழே நின்று தண்ணீர் மொள்ளும் சால் பிடிக்கத் தனகோட்டி இருந்தார். மேலே துலா மரத்தில் முன்னும் பின்னும் நடந்து மிதிக்க ஆள் இல்லை. நாற்று நடவும் மில் வேலையுமாக எல்லாரும் போயிருந்தார்கள். ஷரத்து விடிவதற்குள் சைக்கிளில் பாலத்தைத் தாண்டிப் போய், கோட்டைக் கழற்றிப் பூவரச மரத்தில் மாட்டிவிட்டு, ஏற்றம் மிதித்தார். ஐம்பத்தாறு வயதில். ஒன்பது மணிக்குக் கால்சட்டையில் சேறோடு கும்பெனிக்கு வந்து ஒப்பந்தம் எழுதினார்.

ஊருக்குக் கொண்டாட்டம். வழக்கம்போல நடித்துக் காட்டச் சொல்லிக் கூட்டாளிகள் கேட்டார்கள். ஒருநாள் நடித்தேன். மறுநாள் முடியவில்லை.

ஏனென்றால் கும்பெனியில் அவர் மாறிவிட்டார். எழுதிய வரைவை மூன்று தடவை படித்தார். மூன்றாவது தடவை கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு, "இதுல எட்டாவது ஷரத்து இருக்குதா, பாத்துச் சொல்லுங்க," என்றார். கண்ணெதிரே இருந்தது. வரைவுகளைக் கிழிப்பதை நிறுத்தினார். ஒரு மத்தியானம் பெரிய ஆஸ்பத்திரியில் காதைக் காட்டிவிட்டு வந்ததாகவும், காது நன்றாகத்தான் இருக்கிறது என்று டாக்டர் சொன்னதாகவும் என்னிடம் சொன்னார். "அப்ப தலைதான்," என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார்.

பன்னிரண்டாம் நாள் காலை நான் அரியாங்குப்பத்துக்குப் போனேன். கிணறு தெரிவதற்கு முன்பே குரல் கேட்டது. ஏற்றம் மிதிக்கிறவர்கள் இறைத்த சால்களை எண்ணப் பாட்டுப் பாடுவார்கள். இவருக்குப் பாட்டுத் தெரியாது. ஒரு சாலுக்கு ஒரு ஷரத்து என்று ஒப்பந்தத்தை ராகம் போட்டுச் சொல்லிக்கொண்டிருந்தார். கீழே தனகோட்டி ஒவ்வொன்றுக்கும் "ஆமாஞ்சாமி" போட்டார். ஏழு வந்தது, எட்டு வந்தது, பத்து வந்தது. பதினோராவது சாலுக்கு அவர் ஒன்றும் சொல்லவில்லை. துலா இறங்கியது, ஏறியது, தண்ணீர் வாய்க்காலில் விழுந்தது. பிறகு பன்னிரண்டு என்று தொடங்கினார்.

நான் கிணற்றடியில் போய் நின்று சொன்னேன். "முசியே, நீங்க எழுதுனீங்க. நாந்தான் அடிக்கல. மூணாவது தாளுக்கு அலையணும்னு விட்டுட்டேன். மனப்பாடமா வாசிச்சேன். அன்னிக்குப் பொய்யும் சொன்னேன்."

துலா நின்றது. மூங்கிலைப் பிடித்தபடி மேலேயிருந்து என்னைப் பார்த்தார்.

"முழுசா வாசிச்சியா?"

"முழுசா."

"ஒரு வார்த்த விடாம?"

"விடாம."

"'பாய்ச்சாமல் இருப்பது அவர் விருப்பம் அல்ல.' அதையும்?"

"அதையுந்தான் முசியே."

நீண்ட மூச்சு ஒன்று விட்டார். "அப்ப எனக்கு ஒண்ணும் ஆவல," என்றார், என்னிடம் இல்லை, தனக்கே. அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். அவர் என்னைத் திட்டியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

திட்டியது தனகோட்டிதான். கிணற்றுப் படியிலிருந்து தலையை நீட்டி, "படிச்சவன் பண்ற வேலையாய்யா இது? அவரு காலப் போயி பாரு," என்றார். கால் இரண்டும் வீங்கியிருந்தன.

"அது மூணாவது ஷரத்துலயே வந்துடிச்சி," என்றார் ஷரத்து. "நீ எறங்காத தனகோட்டி, சாலப் பிடி. தம்பி, செருப்பக் கழட்டிட்டு ஏறு."

அன்று நான் ஏற்றம் மிதித்தேன். ஐம்பது சாலுக்குமேல் முடியவில்லை.

கும்பெனிக்குப் போய்ப் பத்ரோனிடமும் சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "நல்லதாப் போச்சு. அப்படியே இருக்கட்டும். இந்த ஒண்ணு தெரிஞ்சா மத்தவனுங்களும் தண்ணி கேட்டு வருவானுங்க," என்றார். நடந்ததை எழுதித் தனகோட்டியிடம் கொடுக்கப் போகிறேன் என்றேன். "எழுதிக் குடுத்தா ஒனக்கு இங்க வேல இல்ல," என்றார், அதே குரலில்.

எழுதினேன். எழுதியதை ஷரத்திடம் காட்டினேன். என் பாவத்தை ஒப்புக்கொள்ளும் அந்தக் கடிதத்தை அவர் சிவப்புப் பென்சிலால் திருத்தினார். 'மனம் நொந்து' என்பதை அடித்தார். 'வருந்துகிறேன்' என்பதையும் அடித்தார்.

"இதெல்லாம் நீ என்கிட்ட நேர்ல சொல்லு. கோர்ட்டுக்கு வருத்தம் வாணாம். நாள், இடம், கேட்டுனு இருந்தவங்க யாரு, எத்தன ஷரத்து, அது போதும்." அடியில் எழுத வைத்தார்: 'அடித்த சொற்கள் மூன்று.'

கடிதம் தனகோட்டி கையில் இருப்பதாகத் தெரிந்ததும் பத்ரோனுக்குத் திடீரென்று நினைவு வந்தது, கிடங்கில் அதே ரக இஞ்சின் ஒன்று விற்காமல் கிடக்கிறது என்று. அதிலிருந்து சாமானைக் கழற்றி மாட்டினார்கள். இரண்டே நாளில் அரியாங்குப்பத்து இஞ்சின் ஓடியது. தனகோட்டி வயலில் கால் பங்கு மணி பிடிக்காமல் சாவியாகிவிட்டது. முக்கால் பங்கு வீடு சேர்ந்தது. அந்தக் கால் பங்கு என் படகுச் சவாரியின் பலன்.

எனக்கு வேலை போயிற்று. அதே வாரம் ஷரத்தும் கும்பெனியை விட்டார். பதினோராவது ஷரத்தை இனிமேல் எழுதக் கூடாது என்று பத்ரோன் சொன்னாராம். பதினான்கு ஷரத்துகள் கொண்ட ராஜினாமாக் கடிதம் ஒன்றைக் கொடுத்துவிட்டு, முதலியார்பேட்டையில் ஒரு துணிக்கடை வாசலில் மேசை போட்டுச் சில்லறை வியாபாரிகளுக்கு ஒப்பந்தம் எழுத ஆரம்பித்தார். எனக்கு ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்தது. சனிக்கிழமை மத்தியானம் விடுமுறை. அந்தச் சனிக்கிழமைகளை அவருக்குக் கொடுப்பது என்று முடிவு செய்து, நானாகப் போய் மேசைக்கு முன்னால் நின்றேன்.

"என்னா?"

"தட்டச்சு பண்ணித் தரேன் முசியே. கூலி வாணாம்."

"கூலி இல்லாத ஒப்பந்தம் செல்லாது," என்றார். சனிக்கிழமைக்கு ஒரு காப்பி என்று எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

ஆனால் ஒப்புப் பார்க்கும் முறை மாறியிருந்தது. தட்டச்சான தாளை அவர் கையில் வைத்துக்கொண்டு வாசிப்பார். வரைவைப் பார்த்துக் குறி போடுவது நான். வாராவாரம் அவர் தாளை என்னிடமிருந்து வாங்கித் தன் பக்கம் திருப்பிக்கொள்ளும்போது எனக்கு ஒரு கணம் தலை குனியும். அவ்வளவுதான். காப்பி வரும், பால் இன்றைக்குக் கறந்ததா என்று கேட்பார், மற்றதெல்லாம் பழையபடிதான். இப்படியே ஐந்து வருஷம் போயிற்று.

பாரீசில் கடைசியாக ஒப்புதல் போட்டு, புதுச்சேரி சட்டப்படியும் இந்தியாவோடு சேர்ந்த மாதம். தன்னுடைய மூன்று சட்ட ஷரத்துக்கு இனி வேலையில்லை என்று அவர் சற்று வாடியிருந்தார். அந்தச் சனிக்கிழமை, கிணற்றுக்கு இஞ்சின் வாடகைக்கு விடும் ஒருவருக்கு ஒப்பந்தம். தட்டச்சு செய்து தாளை நீட்டினேன். அவர் வாங்கவில்லை.

"கண்ணாடிய ஊட்லயே வெச்சிட்டு வந்துட்டேன்," என்றார். "நீயே வாசி."

வரைவை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, நாற்காலியில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். கோட்டுப் பையிலிருந்து கண்ணாடியின் ஒரு காது வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

நான் வாசித்தேன். பத்தாவது முடிந்ததும் நிமிர்ந்து அவரைப் பார்த்தேன். அவர் கண்ணைத் திறக்கவில்லை. பதினோராவது தாளில் இருந்தது. ஒவ்வொரு சொல்லின் அடியிலும் விரலை வைத்து வாசித்தேன்.